கும்பத்து நீர்

— அசையாதை, மச்சான். முதல் வெடியில தப்பிப் பிழைச்சிட்டன் எண்டு நெஞ்சை நிமித்தாதை. மகசினுக்குள்ள இன்னும் கனக்கக் கிடக்கு.

— ஆரூரன், கேளடா. நீ என்னைச் சுட்டிட்டாய். நான் நிண்ட இடத்திலயே நிக்கிறன். ஏன் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பார்.

— குறி தப்பிப் போச்சு.

— குறியோ? உனக்கும் எனக்கும் நடுவில இந்தச் சாப்பாட்டு மேசை மட்டும்தான் கிடக்கு. கண் தெரியாதவன் எறிஞ்ச கல்லும் இதுக்குள்ள தப்பாது. சுவரைப் பார். ஓட்டை இருக்கோ? என்ர சேட்டில இருக்கோ? அப்ப அந்தச் சன்னம் எங்க போனது?

— ரதீசன், உன்ர விசாரணைக்கு நான் வரேல்லை. என்ர பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். தாட்சாயினி! அந்தக் குளியலறைக் கதவைத் திறந்து வாரும். தமையன்ர இரத்தத்தை மிதிச்சுக்கொண்டு வர வேண்டாம். அதுக்கு முதல் வாரும்.

— வராதை, தாட்சா! பூட்டிக்கொண்டு உள்ள இரு!

— நான் உரத்துக் கதைக்கிற மனுசன் இல்லை எண்டு அவவுக்குத் தெரியும்.

— ஓம், மெதுவாக் கதைச்சுக்கொண்டுதானே தங்கச்சியின்ர மணிக்கட்டை முறிச்சனீ. ஆசுப்பத்திரியில, படியால விழுந்தனான் எண்டு சொல்லும் எண்டு சொல்லிக் குடுத்ததும் மெதுவாத்தானே.

— வீட்டை விட்டு இறங்கக் கதவுப் பூட்டில வைச்ச கை அது. நாண் இழந்த கைக்கு நோவு ஒரு பாடம். உனக்குச் செய்யுள் தெரியாது, மச்சான். தெரிஞ்சிருந்தா அவவை நீயே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்பாய்.

— கோயிலில நீ வாயைத் திறந்தாச் சனம் கண்ணீர் விடுது. உன்ர பதிகத்தைக் கேட்டுத்தான் நானும் இவளை உனக்குக் கட்டித் தந்தனான். இப்பிடி உருகிப் பாடுறவனுக்குக் கை நீளாது எண்டு நினைச்ச மடையன் நான்.

— புகழ்ச்சி போதும். கதவை விட்டு விலகு. இல்லாட்டி மற்றதை அடிக்கிறன்.

— நில்! பிஸ்டலின்ர மேல் சிலைட்டை இழுக்காதை! கடவுளாணை, இழுக்காதையடா!

— ஏன் கத்துறாய்? இப்பதானே நிண்ட இடத்திலயே நிக்கிறன் எண்டு வீரம் பேசினனீ?

— எனக்காகக் கத்தேல்லை. நீ அழுத்தினபோது கேட்டது வெடிச்சத்தமோ? ஈரப்பட்டாசு மாதிரி 'டப்' எண்டது. சிலைட் தானாப் பின்னுக்கு வரேல்லை. ரவைக்குள்ள இருந்த மருந்து எரியேல்லை, மச்சான். அடியில இருக்கிற பொட்டு மட்டும் வெடிச்சுச் சன்னத்தைத் தள்ளியிருக்கு. அது வெளியில வரேல்லை. குழலுக்குள்ள இறுகிப்போய் நிக்குது. அடுத்ததை அடிச்சா அதுக்குப் போக வழியில்லை. உன்ர கையிலதான் வெடிக்கும்.

— உயிர்ப்பயம் வந்தா ஊமையும் புலவனாவான் எண்டு கேள்விப்பட்டனான். இண்டைக்குப் பார்க்கிறன்.

— கீழ் வீட்டு மனுசியை உனக்குத் தெரியும்தானே? நாங்கள் கொத்துரொட்டி கொத்தினாலே கூட்டுற தும்புத்தடியால கூரையை இடிச்சுப் பிரெஞ்சில பேசுறவ. உன்ர பிஸ்டல் வெடிச்சதுக்கு ஏன் இடிக்கேல்லை? ஒரு துவக்குச் சத்தம் கொத்துரொட்டிச் சத்தத்துக்குக் கீழ போகுமோ?

— அது ஸ்பிரிங்காலை வந்தது. விசை பூப்போல இருக்க வேணுமெண்டு இணையத்தில எடுத்து மாத்தினனான். இலேசான ஸ்பிரிங். சில வேளை அடி பலமா விழாது.

— அடி பலமா விழாட்டி 'டிக்' எண்டு கேட்டு நிண்டிருக்கும். புகை வராது. இப்ப மணக்குதோ இல்லையோ? உன்ர மூக்கையே கேள். நாங்கள் சுடப் பழகுற றேஞ்சில இந்தச் சத்தம் கேட்டா என்ன செய்யிறது? போன கோடையில றெனோல்ட் கிழவன்ர பிஸ்டல் இப்பிடி இருமினவுடன பாஞ்சுபோய் அவன்ர கையைப் பிடிச்சது ஆர்? நீ! கிழவன் உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதது மறந்துபோச்சோ?

— அது வேற.

— என்ன வேற?

— கிழவன்ர பிஸ்டல் என்னட்டைப் பொய் சொல்லேல்லை. நீ சொல்ல உனக்குக் காரணம் இருக்கு.

— ஐயோ, இழுத்திட்டியே…

— ஓம். இழுத்தாச்சு. பழைய கோது உன்ர மேசையில கிடக்கு, பார். புது ரவை ஏறிட்டுது. ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது எண்டாய். அடைச்சிருந்தா இது எப்பிடி ஏறினது?

— சன்னம் குழலின்ர நடுவுக்குப் போயிருந்தாப் பின்னால புதுசு தாராளமா ஏறும். அதுதானடா ஆபத்து! அதோட, அந்தக் குழலும் பிஸ்டலோட வந்ததோ? கோயில் கலசம் மாதிரி மினுங்க வேணுமெண்டு பேரில்லாத கடையொண்டில பொன்முலாம் பூசினதை எடுத்து மாட்டினனீ. நான் சென்ட் லோரன்ட் பட்டறையில விமானச் சாமான் கடைஞ்சு சாப்பிடுறவன். அந்த இரும்பைக் கையில எடுத்தவுடன வேண்டாம் எண்டனான். ரவையும் ஆத்துக்கு அங்கால இருக்கிற லொங்குய்ய்க்காரன்ர ரவை. வெறுங்கோதைப் பொறுக்கி நிலவறையில இருந்து திருப்பி மருந்து அடைக்கிறவன். ஒண்டு இறுக்கம், ஒண்டு தளர்வு. ஸ்பிரிங் ஒருத்தன்ர, குழல் ஒருத்தன்ர, ரவை ஒருத்தன்ர. உன்ர கையில இருக்கிறது பிஸ்டல் இல்லை, மச்சான்.

— அண்ணை!

— தாட்சா, நீ வாய் திறவாதை!

— அண்ணை, மெய்யாவோ? அடுத்தது அவற்ற கையிலயோ வெடிக்கும்?

— ஓம், தங்கச்சி. நீ சொன்னாலாவது கேப்பான். சொல்லு.

— அடுத்த ரவையும் பழுதா இருந்தால்?

— பழுதா இருந்தா ஒண்டும் நடக்காது. நல்லதா இருந்தாத்தான் பிளக்கும். நல்ல ரவைதான் இப்ப யமன்.

— நல்லது எது, பழுது எது எண்டு பார்த்தாத் தெரியாதோ?

— ஆருக்கும் தெரியாது. ஏன் கேக்கிறாய்? பின் யன்னலைத் திறந்து கத்து, பிள்ளை! சனம் வரட்டும்!

— பார்த்தியோ, மச்சான்? கத்தமாட்டா. நான் பழக்கி வைச்ச வாய் அது. எண்ணத் தொடங்கட்டோ? எண்ண வேண்டாம், எனக்குப் பொறுமை இல்லை. நெஞ்சை விட்டு முழங்காலுக்கு இறக்கிறன். உன்னைக் கொல்லுற எண்ணம் எனக்கு முதலும் இருக்கேல்லை.

— பொய். நெஞ்சுக்குத்தான் பிடிச்சனீ. சரி, எங்கை எண்டாலும் பிடி, விசையில இருந்து விரலை எடு. நான் ஒண்டு சொல்லுறன். சொல்லமாட்டன் எண்டு தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணினனான். உன்ர கையைக் காப்பாற்ற அதை உடைக்கிறன்.

— அண்ணை, வேண்டாம்.

— நவராத்திரிக்கு இவன் பிஸ்டலையும் ரவைப்பெட்டியையும் அம்பாள் படத்துக்கு முன்னால வைச்சவனல்லோ? பட்டுத்துணியால மூடி, விசயதசமி வரைக்கும் ஆயுதம் தொடமாட்டன் எண்டு விரதம் பிடிச்சவனல்லோ? ஆரூரன், அந்த நாளில கும்பம் சரிஞ்சு தண்ணியெல்லாம் உன்ர ரவைப்பெட்டிக்குள்ள போயிட்டுது. சொன்னா அடிப்பாய் எண்டு பயந்து, இவள் ஒவ்வொண்டாத் துடைச்சுத் திருப்பி அடுக்கி வைச்சவள். எனக்கு ரெலிபோனில அழுதழுது சொன்னவள். கடையில வாங்கின ரவை எண்டா ஒருவேளை தாங்கும். நிலவறைக்காரன்ர ரவை தாங்குமோ? மருந்து நனைஞ்சு கிடக்கு. அதுதான் 'டப்'!

— கும்பம் சரிஞ்சதோ?

— ஓம்.

— என்ர வீட்டில?

— ஓமடா!

— பிடிபட்டாய், ரதீசன். நல்லாத்தான் கட்டிக்கொண்டு வந்தாய், கடைசி அடியில தளை தட்டிப் போச்சு. ஒன்பது நாளும் விடியவும் பொழுதுபடவும் அந்தக் கும்பத்துக்கு முன்னால இருந்து பாடினவன் நான். அதில நிண்ட மாவிலை எத்தினையாம் நாள் வாடத் தொடங்கினது, தேங்காய்க்குடுமி எந்தப் பக்கம் பார்த்தது, சுத்தின நூல் எங்க முடிஞ்சது, எல்லாம் தெரியும். கும்பம் ஒரு நெல்லளவும் அசையேல்லை. சரிஞ்ச கும்பத்துக்கு முன்னால நான் பாடுவனோ?

— எனக்கு அவள் அப்பிடித்தான் சொன்னவள்! தாட்சா, சொல்லு! கும்பம் சரிஞ்சதெண்டு நீயே சொல்லு!

— நீர் சொல்லும், தாட்சாயினி. என்னட்டைப் பொய் சொன்னா எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். அம்பாளாணையாச் சொல்லும். கும்பம் சரிஞ்சதோ?

— கதவைத் திறக்கிறன்.

— திறவாதை!

— திறந்திட்டன், அண்ணை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. இன்னும் தள்ளி. அந்தக் குளிர்ப்பெட்டிப் பக்கம் போங்கோ.

— அப்பிடி வாரும். என்ன, முகத்தில பூச்சு ஒண்டையும் காணேல்லை? கன்னத்தில நீலம் இன்னும் போகேல்லை. கொஞ்சம் மஞ்சள் பூசியிருக்கலாம். ம், கேட்டதுக்கு மறுமொழி?

— இஞ்சேருங்கோ, அம்பாளாணையாச் சொல்லுறன். கும்பம் சரியேல்லை. ஒரு சொட்டும் வெளியில சிந்தேல்லை.

— தாட்சா!

— கேட்டியோ, மச்சான்?

— என்னடி சொல்லுறாய்? என்னைச் சாக வைக்கப் போறாய்! ஆரூரன், அவள் பயத்தில சொல்லுறாள், சுடாதை, உன்ர கையடா, உன்ர கண்ணடா, விசையை—

— அம்மா…! ஆ… அம்மா!

— ஐயோ முருகா! ஐயோ! ஆரூரன்! கையை உயர்த்து! உயர்த்திப் பிடி!

— என்ர கை… என்ர கை எங்க… ஒண்டும் தெரியேல்லை… ஆர் லைற்றை நூத்தது?

— லைற் எரியுதடா. கண்ணைத் தொடாதை, பேந்து பார்ப்பம். தாட்சா, துவாய்! அந்தத் துவாயை எறி! என்ர இடுப்புப் பட்டியைக் கழட்டித் தா, நான் கையை விட்டா இரத்தம் பீறுது. பெருவிரல் இல்லை. பக்கத்து ரெண்டு விரலும் தோலிலதான் தொங்குது. இஞ்ச, அழுத்திப் பிடி, உன்ர முறியாத கையால பிடி, தங்கச்சி!

— பிடிச்சிருக்கிறன்.

— நாயே… நீதான்… நீ ஏதோ செய்திட்டாய்… வேசை… உன்னை நான்…

— கதைக்காதை, மச்சான். தாடையிலயும் அந்தப் பொன்முலாம் குழல்துண்டு ஏறியிருக்கு. கதைச்சா இன்னும் கிழியும். இன்னும் இறுக்கு, தாட்சா! முழங்கைக்கு மேல! கீழ மனுசி தும்புத்தடியால இடிக்கிறா, கேக்குதோ? இப்ப இடிக்கிறா!

— கேக்குது.

— நூதனமா நிக்கிறாய், பிள்ளை. அம்புலன்சுக்கு அடி! ஏன் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?

— அடிச்சிட்டன், அண்ணை.

— எப்ப?

— கதவைத் திறக்க முதல்.

— பொலிசுக்கோ?

— அம்புலன்ஸ் வேணும், ஒரு ஆளுக்குக் கை போயிட்டுது எண்டு சொன்னனான்.

— அப்ப… அப்ப ஒருத்தருக்கும் கை போகேல்லையே, தாட்சா.

— கிட்டத்தட்ட வந்திருப்பினம். வெளிப்படி வழுக்கும், தூக்கிக்கொண்டு இறங்கக் கஷ்டப்படுவினம்.

— ஆரூரன்! டேய், ஆரூரன்! மயங்கிட்டான். மூச்சு இருக்கு. இருக்கு. இஞ்ச பார், தங்கச்சி, பொலிசும் வரும். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஸ்பிரிங் மாத்தினது இவன், குழல் மாத்தினது இவன், கள்ள ரவை வாங்கினது இவன். கும்பம் தற்செயலாச் சரிஞ்சது, ரவை நனைஞ்சது, பயத்தில நீ மறைச்சனீ. நான் எச்சரிச்சனான், இவன் கேக்கேல்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனா இவன் கேட்டபோது ஏன் மாத்திச் சொன்னனீ? 'ஓம், சரிஞ்சது' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இவன் விரலை எடுத்திருப்பானே! அம்பாளாணை எண்டு ஏன் பொய் சொன்னனீ?

— அம்பாளாணையா நான் பொய் சொல்லமாட்டன், அண்ணை. உங்களுக்குத்தான் பொய் சொன்னனான். கும்பம் சரியேல்லை, முதல் நாள் தொடக்கம் ரவையெல்லாம் கும்பத்துத் தண்ணிக்குள்ளதான் கிடந்தது. ஒன்பது நாளும் இவர் பூப்போட்டுப் பாடினது அதுக்குத்தான்.