மடக்கு சைக்கிளுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

— அக்கா, அந்தப் பக்கம் திருகாத! எடது பெடலுக்கு எல்லாமே உல்டா. வலது மாதிரி திருகினா மரை போயிடும், அப்புறம் காசு செம வேஸ்ட்.

— ஏன்டா அறிவு, ஒரே சைக்கிளுக்கு ரெண்டு சட்டமா?

— மிதிக்க மிதிக்க கழண்டுக்காம இருக்கத்தான் அப்டி வெச்சிருக்கான். வுடு, ஸ்பேனர நான் பாத்துக்குறேன். நீ கொஞ்சம் சிரி. ம்... 'எல்லாருக்கும் வணக்கம், நான் ரேவதி'ன்னு சொல்லு.

— ஒத வாங்குவ. வீடியோ எடுக்காதன்னேன் இல்ல?

— சும்மா ஞாபகத்துக்குக்கா. மூட்டையா கெடந்தது முழு சைக்கிளா எழுந்து நிக்குது பாரு, செம சீன் அது!

— டேய், அந்த அட்டப் பொட்டி எங்க? மேல சைக்கிள் படம் பெருசா போட்டிருந்திச்சாமே.

— அத ரோட்லயே கிழிச்சுப் போட்டுட்டேம்மா. கொரியர்காரன் நம்ம தெருவுக்கெல்லாம் வரமாட்டேன்னுட்டான். நான்தான் ரோட்டுக்குப் போய் வாங்கி, உரச் சாக்குல கட்டி, தல மேல வெச்சு ஊர்த்தெரு வழியா தூக்கியாந்தேன். பாலாஜி வாசல்ல உக்காந்திருந்தான். 'இன்னாடா மூட்ட'ன்னான். புண்ணாக்குன்னேன்.

— அவங்கூட இன்னாத்துக்குடா பேச்சு உனக்கு? உங்கண்ணன் குமரேசன் முட்டிய ஒடச்ச கைடா அது.

— கூடப் படிச்சவன்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லாம வந்தா அது வேற திமிருன்னுவான்.

— குமரேசன் இன்னா திமிரு பண்ணான்? புது வண்டி. நம்ம ஆளுங்க அந்தத் தெருவுல எறங்கித் தள்ளிகினுதான் போவணும், அவன் எறங்கல. மேல உக்காந்துகினே போனான். அவ்ளோதான.

— எறங்கித் தள்ளினா மட்டும் வுட்டானுங்களாம்மா? என் பழைய சைக்கிள தள்ளிட்டுதான போனேன்? காத்தப் புடுங்கி, செயின அறுத்து, கெணத்துல தூக்கிப் போட்டானுங்க. பொட்டச்சிக்கு சைக்கிள் கேக்குதான்னு.

— அதான் பாத்துக்கோ, அதுக்குத்தான் இந்த மடக்கு சைக்கிளு! நாளைக்கு விடிஞ்சதும் மடக்கிப் பையில போட்டுத் தோள்ல மாட்டிக்குற. ஊர்த்தெருவ நடந்தே தாண்டுற. ரோட்டு மேல புளியமரம் இருக்கு இல்ல, அது அடில பிரிக்குற. க்ளிக்கு, க்ளிக்கு, ஏறி மிதிச்சா நேரா வேங்கிக்கால்ல உன் லேப். சாயந்தரம் அதே மாதிரி ரிவர்ஸு.

— பையில இன்னான்னு கேட்டானுங்கன்னா?

— தையல் மிஷினுன்னு சொல்லுக்கா.

— ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துக்கு எவடா தெனம் தையல் மிஷின தூக்கிட்டுப் போவா?

— அப்ப ஆர்மோனியம்!

— நான் பாடற லட்சணம் ஊருக்கே தெரியும்.

— கேக்குறவனுக்கு எதயாவது சொல்லிக்கலாம் வுடு. மொதல்ல தூக்கிப் பாரு. நம்ம ஆட்டுக்குட்டிய விட வெயிட்டு கம்மி.

— ஆட்டுக்குட்டி இடுப்புல இடிக்காதுடா.

— பஸ்சுல போயேன்டி. இந்தப் பாடெல்லாம் எதுக்கு?

— மொத பஸ்சு வர்றதுக்குள்ள லேப் தொறந்து பாதி ஜனம் போயிடுதும்மா. இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற பொண்ண பாத்துக்குறேன்னு அந்த மேடம் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. வேல போச்சுன்னா அண்ணன் மாத்திரைய யாரு வாங்குவா, நீயா?

— சரி சரி, வாங்க, மடக்கிப் பழகலாம். மொதல்ல சீட்ட எறக்கு. ஹேண்டில சாய். இப்ப நடுவுல இருக்குற கொக்கிய தூக்கு... விரலு! அக்கா விரலு!

— ஸ்ஸ்ஸ்...

— நசுங்கிடுச்சா?

— இல்ல. கிள்ளிடுச்சு. இன்னொரு தடவ சொல்லு.

— பிரிச்சுட்டு அந்தக் கொக்கிய அழுத்துறப்போ சத்தம் வரணும். சத்தம் வரலன்னா ஏறவே கூடாது, நடுவுலயே மடங்கிடும். ஆங், அதான்! செமக்கா! ரெண்டே தடவைல புடிச்சுகிட்ட!

— பௌர்ணமி பௌர்ணமிக்கு மலைய சுத்த எங்கெங்கருந்தோ ஜனம் வருது. எவனும் யாரையும் எந்தத் தெருன்னு கேக்கறதில்ல. சொந்த ஊரத் தாண்ட நாந்தான் சைக்கிள மூட்ட கட்டணும்.

— மெதுவா பேசுடி. செவுத்துக்கு அந்தாண்ட உங்கண்ணன் படுத்துகினு இருக்கான், காதுல வுழும்.

— வுழட்டும். அன்னிலருந்து அவனும் செவுத்தயே பாத்துட்டு கெடக்குறான்.

— தோ, எலுமிச்சம்பழம் வாங்கியாந்து வெச்சிருக்கேன். சூடம் ஏத்தி, சக்கரத்துக்கு அடில வெச்சு நசுக்கிட்டுதான் வண்டிய எடுக்கணும்.

— வாசல்லயா? வாசல்ல எப்டிம்மா அக்கா ஏறும்? எவனாவது பாத்துட்டா?

— எந்த வூட்டு வண்டியோ அந்த வூட்டு வாசல்லதான்டா நசுக்கணும். திஷ்டி வாசலோட கழிஞ்சுடணும்.

— புளியமரத்தடில நசுக்கினா கழியாதா?

— புளியமரத்துக்கு எவன்டா கண்ணு வெக்கிறான்? ...சரி, நம்ம தலையெழுத்து. இந்தப் பையிலயே போட்டு வெக்கிறேன். மரத்தடில மறக்காம நசுக்குடி. குமரேசன் வண்டிக்கு வாசல்லதான் நசுக்கினேன். இன்னா காப்பாத்திச்சு.

— அம்மா, போதும்.

— அக்கா, ஏறி உக்காரு, சீட்டு பாக்கலாம். ப்ரேக்க புடிச்சுக்கோ, நான் பின்னாடி புடிச்சிருக்கேன். எப்டி இருக்கு?

— ஒயரமா இருக்கு.

— எறக்கவா?

— வேணாம். இப்டியே இருக்கட்டும்.

— டேய், உன் போனு கத்திகினே கீது பாரு.

— இரும்மா, எவனாவது பசங்களா இருக்கும்...

— இன்னாடா? மூஞ்சி ஏன் இப்டி போச்சு?

— ஒண்ணுமில்லக்கா.

— குடு இங்க.

— அக்கா, சத்தியமா நம்ம பசங்களுக்கு மட்டும்னு நெனச்சுதான் போட்டேன். ஸ்டேட்டஸு. அந்த சைக்கிள் எழுந்து நிக்கிற சீன் மட்டும்... 'நாளைக்கு அக்கா மொத ரைடு'ன்னு எழுதி... பள்ளிக்கூடத்துலருந்து அவன் நம்பரு என் போன்லயே கீதுக்கா. எடுக்க மறந்துட்டேன்.

— பாலாஜியா?

— ஸ்டேட்டஸ அழிச்சுட்டேன். இப்பவே அழிச்சுட்டேன்க்கா.

— அவன் இன்னா எழுதியிருக்கான்? படி.

— வேணாம்க்கா.

— படிடா.

— 'புண்ணாக்கு சூப்பரா கீது மச்சான். உங்கக்கா காலைல எப்ப கெளம்புது? நாங்கல்லாம் வாசல்லயே இருக்கோம்.'

— அண்ணாமலையாரே! ரேவதி, வேலயும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்டி. அத மடக்கிப் பரண்ல போடு. அடுத்தவாட்டி முட்டியோட வுடமாட்டானுங்க.

— ஏரிக்கர பக்கமா சுத்திப் போலாம்க்கா. நான் தூக்கியாறேன்.

— ஏரி பூரா தண்ணிடா. நீச்சலடிச்சா போவ?

— எல்லாம் என்னாலதான்க்கா. அடிக்கறதுன்னா என்ன அடி.

— பாரு, செவுத்த தட்டுறான். கேட்டுட்டான் பாவி. போவாதன்னு சொல்றான்டி உங்கண்ணன்.

— அவன் தட்டுறான், அவ்ளோதாம்மா. அதுக்கு அர்த்தத்த நீயா சொல்லாத. அறிவு, பாலாஜிக்குப் பதில் போடு.

— இன்னான்னு?

— விடிஞ்சதும் கெளம்புதுன்னு போடு.

— அக்கா!

— போட்டியா?

— ...போட்டுட்டேன்.

— அம்மா, அந்தப் பழத்தப் பையிலருந்து எடு. வாசல்லயே வை.