மச்சானைக் கூட்டிவரப் போன பயணம்

ஐப்பசியில் தெற்கே கார் ஓட்டிப் போகிறவர்கள் விடியமுன் புறப்பட்டுவிட வேண்டும், ஐயா. மத்தியானத்துக்குப் பிறகு வன்னியில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நான் அன்று உடுவிலிலிருந்து கொஞ்சம் பிந்தித்தான் புறப்பட்டேன். தங்கச்சி கமலாவதி இடியப்பம் கட்டித் தரும்வரை நின்றேன்.

"அவரின்ரை பெட்டியிலை ஒரு சேட்டாவது கிடந்தா எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை," என்றாள். குருநாகலில் அவள் புருஷனின் சாமான்களை எடுக்கப் போவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவள் புருஷன் பஞ்சலிங்கம் அங்கே ஒரு கந்தோரில் கிளாக்கர். புரட்டாதியில் அந்தப் பக்கம் மலேரியா பரவி, சனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. மச்சானுக்கும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவசரத்துக்குப் போட்ட கொட்டில் ஆஸ்பத்திரி. விறாந்தையில் பிணங்களைக் கிடத்தியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிளாக்கரா, அதுதான் என்று ஒருவன் கையைக் காட்டினான். எந்தெந்தச் சாதிப் பிணங்களோ ஒன்றோடொன்று முட்டிக் கிடந்தன. நான் படியில் நின்றபடியே பார்த்தேன். முகத்துத் துணியை விலக்கச் சொல்லவில்லை. அங்கேயே புதைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் ஒரு குறையும் வைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து, மச்சானுக்கு வேறு உறவு இல்லாதபடியால் நானே கொள்ளி வைத்தேன். கமலாவதி தாலியைக் கழற்றி அந்த உருவத்தின்மேல் வைத்தாள். அவள் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது. எல்லாம் திறமாகச் செய்தேன் என்று ஊரே சொன்னது.

பிறகுதான் மருதனார்மடச் சந்தியில் யாகோப்பு என்னைக் கண்டு லொறியை நிற்பாட்டினான். புகையிலை ஏற்றி ஓடுகிறவன். குருநாகலிலிருந்து நேரே வந்ததால் ஊரில் நடந்தது ஒன்றும் அறியான்.

"உங்கடை மச்சானைக் கண்டனான் ஐயா. எழும்பி இருக்கிறார், ஆனா தனிய வரேலாதாம். உங்களை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர்."

"ஓம், நான் போறன். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றேன்.

நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். கிரியை முடிந்த மனிதர் வீட்டுப் படியேறினால் ஊர் என்ன சொல்லும்? தாலி கழற்றியவளை எந்த நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்? உயிரோடிருந்தவனுக்குக் கொள்ளி வைத்தவர் கனகசபாபதி என்று கோயிலடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதை நான் பெரிதாக எண்ணவில்லை. எனக்குத் தங்கச்சியின் மானம்தான் பெரிது.

அரியாலை தாண்டும்வரை நல்ல வெயில். ஆனையிறவில் வாடைக்காற்று தொடங்கியிருந்தது, இரண்டு பக்கத்து நீரும் கறுத்துக் கிடந்தது. மாங்குளத்தில் அடித்த மழையில் றோட்டே தெரியவில்லை. அனுராதபுரத்துக்கு அங்கால் வெறும் தூறல்தான். தனியே கார் ஓடுவது எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அன்று திரும்பிவிடலாமா என்று ஒருதரம் காரை ஓரங்கட்டினேன். பிறகு கோயிலடி நினைவுக்கு வந்தது. குருநாகலில் சேறு காயாத தெருவில் வெயில் எறித்தது.

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கமலா பயந்துபோயிருப்பா, என்ன?" என்று கேட்டார்.

"சுகமா இருக்கிறா," என்றேன். கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரில் ஏற்றினேன்.

திரும்பி வரும்போது மாங்குளத்துக்குக் கிட்ட மறுபடி மழை. தண்ணீர் வேண்டுமென்றார். ஒரு மதகடியில் நிற்பாட்டினேன். அவர் குனிந்து கையால் அள்ளிக் குடித்தார். நான் பிடரியில் கையை வைத்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். காய்ச்சல் தின்ற உடம்பு, அதிகம் துடிக்கவில்லை. காட்டுக்குள் புதைத்தேன். மண்வெட்டி காரில் இருந்தது. சேற்றில் சில்லுப் புதைந்தால் உதவுமென்று கொண்டுபோனது. பிறகு குளத்தில் முழுகினேன், சாவுக்குப் பிறகு முழுகத்தானே வேண்டும். கிரியைகள் ஏற்கெனவே முடிந்திருந்தபடியால் மேற்கொண்டு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

யாகோப்பு பொலிசுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. நீங்கள்தான் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்: அவர் உயிரோடிருப்பதைக் கமலாவதியிடம் சொல்லி, அவளுக்கு என்ன விருப்பம் என்று ஏன் கேட்கவில்லை என்று. கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பாள், ஐயா. அதனால்தான் கேட்கவில்லை.