நிரசாவா சொன்ன ‘பரவாயில்லை’

அவைத்தலைமை ஏற்றிருக்கும் ஹொசுமி அவர்களே! பனிக்காற்றில் மீன்சந்தையிலிருந்து நேரே வந்தமர்ந்த பெரியோர்களே! ஆட்டந்தோறும் தொண்டை வற்றக் கூவிய தாய்மார்களே! நம் கால்பந்துக் கழகத்தின் வழக்கறிஞன் கஷிவாடா, தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நிரசாவா கோஹெய் எதிரணிச் சட்டையில் நம் திடலுக்கு வருகிறார். ஆட்டம் முடிந்ததும், வழக்கப்படி, பழைய ரசிகர்களாகிய நம்முன் நின்று குனிந்து வணங்குவார். அவ்வேளை நாம் அனைவரும் முதுகைத் திருப்பிக்கொள்வது என்பதே இன்றைய தீர்மானம். அதை எதிர்க்க எழுந்திருக்கிறேன்.

யார் அந்த நிரசாவா? பதினோர் ஆண்டுகள் நம் கோல் எல்லையைக் காத்த தடுப்பாட்டக்காரர். கோல் அடித்தவரைக் கொண்டாடும் உலகம். விழாத கோலுக்காக ஒருவரைக் கொண்டாடியது நம் ஊர்! கணவாய் மீன் வறுக்கும் கடையில் அவர் படம். பேருந்து ஓட்டுநரின் தொப்பியில் அவர் எண். குழந்தைகளுக்கும் அவர் பெயர். எனக்குத் தெரிந்து ஆறு குழந்தைகள். சரிபார்க்காததை மேடையில் சொல்ல மாட்டேன்.

“அவன் பேர எடுக்காதீங்க வக்கீலய்யா! சொல்லாமக் கொள்ளாம ஓடினவன்! அவனுக்கு நான் தெச்ச பதாகை இப்ப என் கடையில மேசை தொடைக்குது!”

கணவாய்க் கடை பந்தோ அம்மையாரின் குரல். அம்மா, உங்கள் கோபம் நியாயம், முகவரிதான் தவறு.

ஒப்பந்தம் முடிந்த நாளில் நான்தான் அவரிடம் கேட்டேன்: “முழங்கால் வேற இப்படி இருக்கு, இன்னொரு வருஷம் ஆடறீங்களா?” அவர் சிரித்தபடி, “பரவாயில்லைங்க” என்றார்.

எது பரவாயில்லை? முழங்காலா? இன்னோர் ஆண்டு இல்லாவிட்டாலுமா? ஒரு கேள்விக்குள் இரு கேள்விகளை வைக்காதே என்பது சட்டம் படித்தவனின் முதல் பாடம். வைத்தவன் நான்! ‘நீட்டிப்பை மறுத்தார்’ என்று எழுதியவன் நான்! அதைத்தான் கழகம் அறிவித்தது, நீங்கள் நம்பினீர்கள்.

பிறகு ஏன் நான் எழுதிய அந்தத் தாளில், கையெழுத்துக்கு ஈடான தம் பெயர் முத்திரையைப் பதித்தார் என்கிறீர்களா? சென்ற வாரம் நானும் அதையே அவரிடம் கேட்டேன்.

“முழங்கால் நல்லாயிருக்குன்னுதான் சொன்னேன், ஐயா. தாளப் பாத்ததும், நாசூக்கா போகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். மேல கேட்டா உங்களுக்குத்தானே சங்கடம்?”

என் சங்கடத்தைக் காக்க, அவையோரே, அவர் தம் ஊரை இழந்தார்! மறுத்துப் பேசுவது மரியாதையல்ல என்று அவருக்குக் கற்பித்தவர்கள் யார்? நாம்தானே? ஒப்பந்தம் இனித் திரும்பாது. முப்பத்து நான்கு வயதில் இன்னொரு ஆட்டப் பருவமும் அவருக்கு உறுதியில்லை. பெயர் ஒன்றுதான் மீதம். அதையும் ஞாயிறன்று பறிக்கப்போகிறோமா?

முதுகைத் திருப்பியே ஆகவேண்டும் என்றால் திருப்புங்கள். ஆனால் அவர் வணங்கும்போது அவரருகே நானும் நிற்பேன். நீங்கள் முதுகைத் திருப்புவது அவருக்கல்ல, எனக்கு என்பதை அவரிடம் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தவறு செய்தவனை இறுதிவரை பேசவிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றியும் வணக்கமும்.