மல்லாந்து நீந்துபவை

— லென்ஸ்ல நிழல் விழுது டிரைவர். கொஞ்சம் ஜன்னலை விட்டு நகருங்க.

— வந்து கால் மணி நேரமாச்சு மேடம். வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல.

— வாங்க. காலைலேர்ந்து நான் பேசுற முதல் வார்த்தையே 'நகருங்க'தான். அதுவும் உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு. சந்தோஷப்படுங்க.

— வேலையில இருந்தப்ப ஜீப்பை நகர்த்து. ரிடையர் ஆனப்புறம் உன்னை நகர்த்து. என் தலையெழுத்து. சரி, எத்தனை கால்?

— இருங்க... வளைஞ்சுக்குது... பதினொண்ணு. பதினொரு ஜோடி. நீங்களும் ஒரு தடவை எண்ணுங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வருது.

— நேத்தும் பதினொண்ணு. முந்தாநேத்தும் பதினொண்ணு. விடியறதுக்குள்ள ஒரு கால் முளைச்சிடுமா என்ன?

— தினம் எண்ணணும். சார் அப்படித்தான் செய்வார்.

— சார் குட்டைக்குள்ள முட்டி போட்டு எண்ணுவார். நான் ஜீப்புல தூங்குவேன். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

— நோட்டை எடுங்க. பத்தொன்பதாம் நாள். நீளம் எட்டு மில்லிமீட்டர். ஆண் மூணு, பெண் நாலு. தேதியை முதல்ல போடுங்க, அப்புறம் மத்தது.

— போட்டாச்சு. மேடம், கீழ் வீட்டு அம்மா படியில வழிமறிச்சுக் கேட்டாங்க. மாடியில இறால் வளக்கறீங்களாமே, எப்ப சமைக்கப்போறீங்கன்னு.

— இறாலா! பேச்சுக்குத்தான் இது இறால். நிஜ இறாலுக்கு இது தூரத்துச் சொந்தம். அதுக்கு முதுகுல ஓடு உண்டு, இதுக்கு ஓடே கிடையாது. காலாலேயே நீந்தும், காலாலேயே மூச்சும் விடும். அதனால இதைத் தனி வகுப்புல வச்சிருக்காங்க.

— அதையெல்லாம் படியில நின்னு சொல்ல முடியுமா? அடுத்த வாரம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— நல்ல ஆளு நீங்க.

— எனக்கு ஒண்ணுதான் புரியல. நானும் பாக்கறேன், ஒரு நாளாவது குப்புற நீந்துதா? எந்நேரமும் மல்லாந்தே கெடக்கு.

— வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வயித்தைக் காட்டும். தொட்டிக்குக் கீழேயிருந்து டார்ச் அடிச்சா புரண்டுக்கும்.

— ரூம்ல நானும் இப்படித்தான். விட்டத்தைப் பாத்துக்கிட்டு. எனக்கு டார்ச் அடிக்கத்தான் ஆள் இல்ல... சும்மா சொன்னேன் மேடம். ஒரு டீ கிடைக்குமா?

— தினம் நான் லென்ஸ்ல கண்ணை வச்சதும் உங்களுக்கு டீ ஞாபகம் வந்துடும். இன்னிக்குப் போட்டே வச்சுட்டேன். அதோ, பிளாஸ்க்ல இருக்கு.

— ஓ... பிளாஸ்க்லயா?

— ஏன், நான் எழுந்து அடுப்படிக்குப் போனாத்தான் ருசிக்குமா?

— சேச்சே. அதுக்கில்ல.

— உங்க டம்ளர் பக்கத்துல கவுத்து வச்சிருக்கேன். சிவப்புக் கோடு போட்டது.

— எனக்குன்னு தனி டம்ளரா?

— பத்தொன்பது நாளா அதுலதான் குடிக்கறீங்க. சார் போனப்புறம் இந்த வீட்டுல ஒரு டம்ளருக்குத்தான் வேலை இருந்துது... குடிச்சுட்டு அந்த மேஜை மேல இருக்கற கவரை எடுத்துக்குங்க. பஸ் ஸ்டாப் பக்கத்துல தபால் பெட்டி இருக்கில்ல, அதுல போடணும். அஞ்சரைக்கு எடுத்துடுவாங்க.

— யாருக்கு?

— மியூசியத்துக்கு. ரெண்டாவது நினைவூட்டல் வந்துடுச்சு. சார் குட்டையில பிடிச்சுக் குடுத்த பாட்டிலுக்குப் பேர் கிடைச்சுதா இல்லையான்னு இந்த வாரமே சொல்லணுமாம். இல்லேன்னா ஃபைலை மூடிடுவாங்களாம்.

— ஆறு பெண்ணு மிதக்குமே, அந்த பாட்டிலா?

— அதேதான். பதினாலு வருஷமா லேபிள்ல 'பெயர் இல்லை'ன்னே இருக்கு. வெறும் பெண்ணை வச்சுக்கிட்டு இந்த இனம்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆணோட உணர்கொம்பைப் பாக்கணும். பெண்ணைப் பிடிச்சுக்கறதுக்குன்னு முகத்துல ரெண்டு இருக்கும். அதோட வடிவத்தை வச்சுத்தான் பேரு.

— இதென்ன நியாயம்? ஆறு பொம்பளைங்க முழுசா இருக்காங்க. ஒரு ஆம்பளை வந்து நின்னாத்தான் அவங்களுக்குப் பேரா?

— நானும் சார்கிட்ட இதையேதான் கேட்டேன். சிரிச்சார். உப்பு ஏரியில இருக்கற இனத்துல சில இடத்துல ஆணே கிடையாது, தெரியுமா? பெண்ணே தனியாப் பெண்ணைப் பெத்துக்கும்.

— தொந்தரவு இல்லாத குடும்பம்.

— ஓடில்லாத இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ரெண்டு குடும்பம் டிரைவர். ஒண்ணு உப்பு ஏரியில, இன்னொண்ணு மழைக்குட்டையில. பாத்தா அக்கா தங்கச்சின்னு நினைப்பீங்க. ஆனா சாரோட குட்டையில இருந்ததை உப்புத்தண்ணில விட்டா ஒரு நாள் தாங்காது. உப்புத்தண்ணி இனத்தை நல்ல தண்ணியில விட்டா அதுவும் தாங்காது... என்ன, பேச்சைக் காணோம்?

— டீ சுடுது.

— ஆண் இருக்கற இடத்துல, பிடிச்சா விடாது. நாள்கணக்கா ரெண்டும் ஒண்ணாவே நீந்தும். அதோ, அந்த ஓரத்துல பாருங்க.

— ...ஆமா. ஒண்ணாத்தான் போகுது. சார் இருந்தா இதைப் பாத்துட்டு...

— சார் இருந்தா லென்ஸ் என் கையில இருக்காது. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல ஒரு தடவை குடுத்ததில்ல. பக்கத்துல நின்னு நோட்டு எழுதினதோட சரி... அந்தக் குட்டை இப்ப எப்படி இருக்கு? அந்தப் பக்கம் போனீங்களா?

— குட்டை ஏது? மண்ணடிச்சு மேல கிடங்கு கட்டிட்டாங்க. வரிசையா லாரி நிக்குது.

— அப்ப உலகத்துல அதோட மிச்சம்னு இருந்தது ஒரே ஒரு பொட்டலம் காஞ்ச மண்ணு. நீங்க ஆபீஸ்லேர்ந்து எடுத்து வச்சது. முட்டை அதுலதான் தூங்கும், நனைச்சா பொரியும்.

— கவர்ல என்ன எழுதியிருக்கீங்க மேடம்?

— உள்ளதை எழுதியிருக்கேன்.

— ஆணு வந்துடுச்சுன்னா?

— டிரைவர், மணி அஞ்சு.

— நாளைக்கு அனுப்பலாமே. இன்னும் கொஞ்சம் வளரட்டும். எட்டு மில்லிமீட்டர்லாம் ஒரு நீளமா?

— வளந்தவரைக்கும் போதும். இன்னிக்குக் கடுதாசி போயிட்டா வேலை முடிஞ்சுது. தொட்டியைக் கழுவிக் கவுத்துடலாம். நீங்களும் ரெண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

— ரெண்டு பஸ் எனக்கு ஒரு கஷ்டமா? ரூம்ல என்ன இருக்கு... நாலு சுவரு.

— மக போன் பண்றாளா?

— ஞாயித்துக்கிழமை பண்ணுவா. 'சாப்பிட்டீங்களாப்பா?'ம்பா. 'ஆச்சும்மா'ம்பேன். வச்சுடுவா.

— எனக்கு அந்த ஞாயித்துக்கிழமையும் இல்ல.

— மேடம்.

— அஞ்சு பத்து ஆகுது. கிளம்புங்க.

— இந்தக் கவர் போகக்கூடாது மேடம்.

— ஏன்?

— அங்க இருக்கறவங்க பெரிய படிப்பு படிச்சவங்க. கேள்வி கேப்பாங்க, ரெண்டை அனுப்புன்னு சொல்வாங்க. பாத்த உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. சாரோட பேரு கெட்டுப்போகும். உங்க பேரும்.

— என்னத்தைக் கண்டுபிடிப்பாங்க?

— இது... இது சாரோட மண்ணு இல்ல. ஆபீஸைக் காலி பண்ணின அன்னிக்குப் பொட்டலத்தைப் பத்திரமா எடுத்து ஜீப் பின்னாடிதான் வச்சேன். படுதா கிழிஞ்சிருந்ததைக் கவனிக்கல. அடுத்த ரெண்டு நாள் லீவு. விடாம மழை. திரும்பி வந்து பாத்தா பை முழுக்கச் சேறு. அதுக்குள்ள பொடிப்பொடியா, வெள்ளையா... எழுந்து, எழுந்த இடத்துலயே செத்துக் கெடந்துது மேடம்.

— எப்ப நடந்துது இது?

— சார் போய் ஒரு மாசம்கூட ஆகல. அந்த நேரத்துல உங்க முன்னாடி வந்து நின்னு இதை எப்படிச் சொல்றது? தரேன் தரேன்னு ஒரு வருஷம் ஓட்டினேன். நீங்க விடல. கேட்டுக்கிட்டே இருந்தீங்க.

— கேட்டேன்தான்.

— வண்ணமீன் கடையில, குட்டி மீனுக்குத் தீனின்னு முட்டையை டப்பாவுல அடைச்சு விப்பான். நனைச்சா ஒரே நாள்ல பொரியும்னான். என் வீட்டு வாசல் மண்ணை அள்ளிக் காயவச்சு, அதுல கலந்தேன். அது உப்புத்தண்ணி இனம்னு சொன்னான். சரின்னு உப்பையும் கலந்தேன். பழைய பையில சார் கையெழுத்துல லேபிள் இருந்துதே, அதை உரிச்சு இதுல ஒட்டினேன்.

— கோணலா ஒட்டினீங்க.

— என்ன மேடம்?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லுங்க.

— மேல என்ன... நீங்க வாரா வாரம் பாதித் தண்ணியை மாத்தறீங்க. உப்பு குறைஞ்சா செத்துடுமேன்னு பயம். அதான் டீ கேப்பேன். நீங்க அடுப்படிக்குப் போனதும் சட்டைப்பையிலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவேன்.

— இன்னிக்கு?

— இன்னிக்குத்தான் நீங்க பிளாஸ்க்ல வச்சுட்டீங்களே.

— ...

— திட்டுங்க மேடம். சும்மா இருக்காதீங்க. சார் திட்டினா ஜீப் கண்ணாடி அதிரும். அது பரவாயில்ல. இது தாங்கல.

— அந்த மண்ணை எங்க கொட்டினீங்க?

— எந்த மண்ணு?

— சாரோடது. நனைஞ்சது.

— கொட்டல. மனசு வரல. காயவச்சு பிஸ்கட் டப்பாவுல போட்டுக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்.

— மறுபடி நனையலையே?

— இல்ல.

— நல்லா காஞ்சிருக்கா? தொட்டுப் பாத்தீங்களா?

— பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அதை எதுக்குக் கேக்கறீங்க? அதான் எல்லாம் செத்துப்போச்சே.

— எல்லாம் செத்திருக்காது டிரைவர். ஒரே மழையை நம்பி எல்லா முட்டையும் எழுந்திருக்காது. வந்த தண்ணி நிக்குமா, நாலு நாள்ல வத்திடுமான்னு அதுக்குத் தெரியாதில்ல? கொஞ்சம் எழுந்து பாக்கும். மிச்சம் அடுத்த மழைக்குன்னு தூங்கிட்டு இருக்கும். சிலது அதுக்கும் அசையாது, இன்னும் ஒரு மழை பாத்துட்டு வரும்.

— அப்ப... அந்த டப்பாவுல...

— இருக்குன்னு நான் சொல்லல. இருக்கலாம். இருந்து, பொரிஞ்சு, அதுல ஒரு ஆணும் வரணும்.

— ஒரு வருஷமா அது மேல படுத்துத் தூங்கறேன் மேடம்.

— நாளைக்கு எடுத்துட்டு வாங்க. மடியில வச்சுக்குங்க. ஜன்னலோரம் உக்காராதீங்க.

— வெயில் கொளுத்துது. மழை எங்க வரப்போகுது?

— உங்க கையில குடுத்தா வரும்.

— அதுவும் சரிதான்... அப்ப இந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டுடறேன்.

— போடுங்க... கிழிங்கன்னா கிழிக்கணும். பிரிச்சுப் படிக்கறீங்க.

— 'மதிப்பிற்குரிய ஐயா, மண்ணை நனைத்துப் பார்த்ததில் நாங்கள் எதிர்பார்த்த இனம் வெளிவரவில்லை...' மேடம்?

— கண்ணாடி போடாம படிக்காதீங்க, தலை வலிக்கும்.

— '...தண்ணீர் உப்புக் கரிக்கிறது. குட்டை இனத்தின் குஞ்சுகள் இந்த உப்பில் ஒரு நாளும் தாங்கா. இவையோ துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இவை உப்பு ஏரி இனத்தவை. கோப்பினை மூடிவிடலாம்.' மேடம், இதுல போட்டிருக்கற தேதி...

— தேதியை முதல்ல போட்டுட்டுத்தான் மத்ததை எழுதுவேன். அது பழக்கம்.

— இது மூணாம் நாள் தேதி. இன்னிக்குப் பத்தொன்பது. மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சா? தெரிஞ்சுமா கடுதாசியை அனுப்பாம, தினம் என்னை உக்கார வச்சுக் கால் எண்ணச் சொன்னீங்க? நீங்க கண்டுக்காம விட்டிருந்தா அதுங்க எப்பவோ செத்திருக்கும். இந்தப் பெரிய தொட்டிக்கு நான் போட்டது வெறும் சிட்டிகைதானே?

— உங்க சிட்டிகை எந்த மூலைக்கு டிரைவர்? தினம் காலைல எழுந்ததும் நான் ஒரு பிடி போட்டுடுவேன்... சாயங்காலம் நீங்க வரும்போது அதுங்க நீந்திக்கிட்டு இருக்கணும்ல.