ஹார்ப்பும் எங்கள் பிளாக்கின் மௌன ஷிப்டும்

மேடையின் நடுவே வீற்றிருந்து, மேசைமேல் உள்ள மணியை விட்டு விரலை எடுக்காத அவைத் தலைவர், எங்கள் பிளாக் நலச் சங்கத்தின் பெரியண்ணன் அவர்களே! முப்பத்தைந்து ஆண்டுகள் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டியவரே, இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வியர்வை என்று சொல்லும் நாசர் மாமா அவர்களே! ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்த பெரியோர்களே! சீரியலைத் தியாகம் செய்து வந்த தாய்மார்களே! இந்த விழாவின் நாயகி, நாசர் மாமாவின் மகள், என் தோழி அப்சானாவே! அனைவருக்கும் என் நடுக்கம் கலந்த வணக்கம்.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அங்கே பேசக் கூடாது. வீட்டில் புத்தகங்களோடு இருப்பவள். அவற்றோடு பேச வேண்டியதில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த பிளாக்கில் என் குரலைக் கேட்டவர் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, என் அம்மா ஒருவர்தான்! பேசாமல் இருந்ததற்காக ஒருத்தியைப் பேச அழைத்திருக்கும் முதல் மேடை இதுதான்.

ஆம். இன்று வெளியாகும் ஹார்ப் இசைத் தொகுப்பில் என் பங்கு, மௌனம். அது எப்படி உடைந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஹார்ப் என்பது என்ன? நம் யாழுக்குத் தூரத்துச் சொந்தம். ஆளுயரம், வில் வளைவு, முப்பத்தாறு நரம்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் கம்பளி போர்த்திக்கொண்டு அது டெம்போவில் வந்து இறங்கியபோது நம் பிளாக் என்ன சொல்லி வரவேற்றது?

"நாசரண்ணே, கட்டில்ல பாதிதான் வந்துகீது. மீதி எப்போ?"

சிரிக்காதீர்கள் புஷ்பவல்லி அக்கா, அது உங்கள் குரல்தான்!

அப்சானா வாசித்தாள். அந்தக் கால மேதைகள் எழுதியதை மட்டுமல்ல, மேல்நாட்டுச் செவ்வியல் முறையில் தானே எழுதியதையும் வாசித்தாள். இடக்கையில் நிலக்கரி சுமக்கும் கன்வேயர் ஓடும். வலக்கையில் அதன்மேல் மழை பெய்யும். கேட்டு நாம் உருகினோமா? இல்லை. "எம் புள்ளைக்குப் பரீட்சை, நிறுத்தும்மா" என்றது கீழ்வீடு. "நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுத்தா டிங்கு டிங்குன்னு... நிறுத்தும்மா!" என்றார் அப்போது ஃபோர்மேனாக இருந்த நம் தலைவர்.

நிறுத்தினாள். நான்காம் நாள் காலை பதினோரு மணி. நாசர் மாமா வீட்டு வாசலில் சிவந்த கண்களோடு நின்றவர் யார்? "ஏம்மா, இன்னா ஆச்சு? வாசிக்கலியா? மூணு நாளா எனக்குத் தூக்கமே வரல!"

இதோ மணி அடிக்கிறார். உண்மையைச் சொன்னால் மணி அடிக்கும் தலைவர் இவர் ஒருவர்தான்.

பிறகுதான் வந்தது சோதனை. மாதக் கடைசியில் நாசர் மாமாவுக்குப் பணி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து குறிஞ்சிப்பாடிக்குப் போக வேண்டும். அங்கே அவர் கட்டிய வீடோ பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. கடலூர் பஸ்ஸின் ஏர்ஹாரனை எதிர்த்து ஹார்ப் என்ன செய்யும்? சாமான் ஏற்ற லாரி வரும்முன் வீட்டிலேயே பதிவை முடிக்காவிட்டால், நான்காண்டு உழைப்பு கம்பளிக்குள்ளேயே போய்விடும். இருந்தது ஒன்பது நாள். மதியம் செகண்ட் ஷிப்ட் பஸ் போனபின், நாலு மணிக்குப் பள்ளிப் பேருந்து வரும்வரை மட்டும் அமைதி.

அமைதியா? நம் பிளாக்கிலா?

"ஷிப்ட் போட்டுரலாம்" என்றார் தலைவர். போட்டார்! மிக்ஸி ஓடாமல் பார்க்க ஒரு டூட்டி, குக்கர் டூட்டி, மாடிப்படி டூட்டி. மாற்றிவிட ரிலீவர் வராமல் யாரும் நகரக் கூடாது. ரிலீவர் வராததால் புஷ்பவல்லி அக்கா மாடிப்படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, சைகையாலேயே காபி கேட்டார். மீன் விற்க வந்த ஆதிலட்சுமி அக்கா திகைத்துப்போனார். "இன்னாடி இது, எல்லாம் வாய மூடிகினு ஒக்காந்துகினு கீறீங்க? எந்த வூட்ல இன்னா ஆச்சு?" என்றவருக்கும் டூட்டி போடப்பட்டது. ஒன்பது நாளும் மீனைத் தூக்கிக் காட்டி, விரலால் விலை சொன்னார். சத்தமில்லாமல் பேரம் பேசிய ஒரே ஊர் நம் ஊர்!

பேசவே தெரியாத எனக்கு அப்சானா வீட்டு வாசற்படி டூட்டி. கையில் கடிகாரம்.

கடைசி நாள். கடைசிப் பாட்டு. ஒன்பது நிமிடம். முதல் முறை, ஒரு குக்கர் விசிலடித்தது. இரண்டாம் முறை, ஒரு குறட்டை. யாருடையது என்று சொல்லமாட்டேன். மணி அடிப்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை தொடங்கும்போது மூன்று ஐம்பது. ஏழாவது நிமிடத்தில், டப்! ஒரு நரம்பு அறுந்தது. அவள் விரல்கள் காற்றிலேயே நின்றன. புது நரம்பு கட்டிச் சுருதி சேர்க்க நேரமில்லை. மறுநாள் காலையில் லாரி. மூலையில் நாசர் மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது ஒரு குரல் கத்தியது. "நிறுத்தாத அப்சானா!"

யார் அது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாசித்தாள். அறுந்த நரம்பைச் சுற்றி, பள்ளம் பார்த்து வண்டி ஓட்டுவதுபோல், புதிதாக ஒரு வழி கண்டுபிடித்து முடித்தாள். முடிந்ததும் பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது. அன்றைக்கு அது வாழ்த்துபோலக் கேட்டது!

பதிவைக் கேட்ட சென்னை ஒலிப்பதிவாளர் சொன்னாராம்: "நடுவுல ஒரு பொண்ணு கத்துது. ஒரு நொடியில எடுத்துடலாம்." அப்சானா சொன்னாள்: "நாலு வருஷமா எல்லாரும் நிறுத்து நிறுத்துன்னுதான் சொன்னாங்க. நிறுத்தாதேன்னு சொன்னது அவ ஒருத்திதான். அது இருக்கட்டும் சார்."

அவையோரே! நிறுத்து என்று சொல்ல என்ன செலவு? படிக்கும் பெண்ணிடம் சொன்னோம். பாடும் பெண்ணிடம் சொன்னோம். ஓடும் பெண்ணிடமும் சொன்னோம். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோமா? அதுவும் இல்லையே, தலைவர் அவர்களே! நிறுத்தாதே என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இருபத்தாறு ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம். இன்றே, வீட்டுக்குப் போனதும், யாரிடமாவது சொல்லிப்பாருங்கள்!

மீண்டும் மணி. சரி, முடிக்கிறேன். என்ன அது, பின்வரிசையில்? "நிறுத்தாத விஜி!" என்கிறாரே, ஆதிலட்சுமி அக்காவா? ஒன்பது நாள் அடக்கிய குரல் அல்லவா!

இல்லை அக்கா, நிறுத்தத்தான் வேண்டும். அதோ, அப்சானா ஹார்ப்பைத் தோளில் சாய்த்துவிட்டாள். மௌன ஷிப்ட் தொடங்குகிறது. கைபேசிகளை அணையுங்கள். தலைவர் அவர்களே, அந்த மணியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். குறட்டைக்கு அடிக்கத் தேவைப்படும்.

என் முதல் பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. இனி அவற்றுக்கு நல்ல காலம். வணக்கம்.