அப்பா பிடித்த சஷ்டி

அப்பா கடைசியாக நிதானத்தோடு செய்த வேலை, என் மடிக்கணினிக்குத் திருநீறு பூசியதுதான். திரையில் படாமல், மூடியின் மேல், மூன்று விரலால் அழகாக இழுத்தார். "இனி இதுக்கு வைரசே வராது" என்றார். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீடு அந்த வாரம் அப்படித்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானச் சிறப்புப் பட்ட ஆய்வுக்கு நான்கு பேரைத்தான் எடுத்திருந்தார்கள். அதில் நான் ஒருத்தி. ஹோட்டல் குசினியில் ஷெஃப்புக்குக் கீழே இருபத்தாறு வருடம் நின்ற அப்பா, பஸ் சாரதிக்குக்கூட இதைச் சொல்லியிருந்தார். என் ஆய்வு எளிமையானது. நீரிழிவுக்காரரின் கையில் ஒட்டிய சென்சர் தரும் எண்களை வைத்து, இரத்தத்தில் சீனி ஆபத்தாக இறங்கப்போகும் நேரத்தை என் நிரல் ஒரு மணித்தியாலம் முன்பே சொல்லவேண்டும். அப்பாவின் கையில் சென்சர் இருந்தது. ஆனால் அவருக்குச் சீனி இறங்குவதே இல்லை. அம்மாவின் சமையல் அவ்வளவு கவனம். எட்டு மாதமாக நேர்கோடு. இறங்காத ஒன்றை எப்படி முன்கூட்டிச் சொல்வது?

கந்தசஷ்டி வந்தபோது கேட்டேன். "அப்பா, இந்த முறை எனக்காக விரதம் பிடியுங்கோவன்."

"நானோ? முருகன் பயந்துபோவார்."

அம்மா முகத்தைச் சுளித்தார். "டொக்டர் பட்டினி கிடக்கவேண்டாம் எண்டல்லோ சொன்னவர்?"

"பிள்ளை கேக்குது, புனிதம். நீ சும்மா இரு."

"நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன் அம்மா" என்றேன். அது பொய்யில்லை. ஆறு நாளும் பார்த்தேன்.

இன்சுலின் அளவைக் குறைக்கட்டோ என்று அப்பா கேட்டார். அளவு மாறினால் என் கணக்கும் மாறிவிடும் என்று விளக்கினேன். சீனி இறங்கினால் கத்தும் அலாரத்தையும் நிறுத்தினேன். அது கத்தினால் அவர் ஜூஸ் குடிப்பார். குடித்தால் சீனி ஏறிவிடும். பிறகு என் கணிப்பு சரியா பிழையா என்று யாருக்குத் தெரியும்? பரிசோதனை என்றால் கைவைக்காமல் இருப்பதுதானே.

ஐந்து நாளும் கோடு ஆபத்து எல்லைக்குச் சற்று மேலேயே நின்றுகொண்டது. ஆறாம் நாள் சூரன்போர் முடியும்வரை தண்ணீர் மட்டும். அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார். ஒன்று இருபதுக்கு நிரல் சொன்னது: இரண்டு இருபது.

இரண்டு மணிக்கு அப்பா சிரிக்கத் தொடங்கினார். சோபாவில் கிடந்த தலையணைக்கு வணக்கம் வைத்து, "ஷெஃப், இண்டைக்கு எனக்கு லீவு. என்ரை மகள் புரொபெசர்" என்றார். கண்ணீர் வருமட்டும் நானும் சிரித்தேன். சீனி இறங்கும்போது சிலர் இப்படித்தான் குடித்தவர்போலச் சிரிப்பார்கள் என்று என் கட்டுரையின் முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன்.

"பிள்ளை, கை நடுங்குது."

"இன்னும் கொஞ்சம்தான் அப்பா."

"ஓம் குஞ்சு."

இரண்டு இருபத்திரண்டுக்குக் கோடு எல்லையைத் தாண்டியது. நான் துள்ளிக் குதித்து ஒரு சுற்று ஆடினேன். அப்பாவுக்கு என்ன விளங்கியதோ, கைதட்டினார். ஜூஸ் போத்தல் என் கையில்தான் இருந்தது. அப்போது நிரல் அடுத்த கணிப்பைச் சொன்னது: ஆகக்குறைந்த எண் மூன்று மணி ஐந்துக்கு வரும். அதுவும் சரிவந்தால் சிறந்த ஆய்வுக்கான இந்த ஆண்டின் பரிசு எனக்குத்தான். சூடாகிவிடும் என்று போத்தலைத் திரும்பவும் பிரிட்ஜுக்குள் வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மூன்று ஐந்தும் சரியாக வந்தது. அப்பா அதற்குக் கொஞ்சம் முன்பே சிரிப்பை நிறுத்தியிருந்தார். அம்புலன்சுக்கு அதன்பிறகுதான் போன் அடித்தேன். அவருடைய இதயம் தாங்கவில்லை என்றார்கள்.

"நான் மறிச்சிருக்கவேணும்" என்று அம்மா இன்றும் அழுகிறார். நான் அவரைத் தடுத்து எதுவும் சொன்னதில்லை. எனவே இங்கே எழுதிவைக்கிறேன்: அப்பாவைக் கொன்றது விரதமில்லை. அவர் சாகும்வரை பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

விபரம் தெரியாத பேராசிரியர், மரியாதைக்காக அந்த நாளின் வரைபடத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடலாமே என்று தயவாகக் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. அப்பா ஆறு நாள் பசி கிடந்தது அதற்காகத்தானே. எடுத்தால் அவர் மனம் நோகும்.

அது முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது.