பூதத்துக்கு எத்தனை உயிர்?

“ஏனுங்க, பூதத்துக்கு நூறு உயிரு போதுமா?”

கோத்தகிரி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் கேட்டாள். மடியில், பகடை உருட்டிப் பூதத்தோடு சண்டை போடும் ஆட்டத்துக்காக அவள் பூதம் வரைந்த நோட்டு.

“அம்பதாக் குறை. போன வாரம் ரெண்டு உருட்டுலயே எல்லாரும் செத்தோம். இன்னிக்கும் செத்தா உன் தம்பிங்க இனி விளையாட வரமாட்டாங்களாம்.”

“குறைச்சா சப்புனு போயிருமுங்க.”

வளைவில் காட்டெருமை ஒன்று வழிமறித்து நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அது எங்களைப் பார்த்துவிட்டுத் தானாகவே தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று.

அவள் உடனே எழுதினாள். “நூறே இருக்கட்டுங்க. மூணு உருட்டு வரைக்கும் வாயத் திறக்காம உக்காந்திருந்தா பூதம் போயிரும்.”

“உன் தம்பிங்களா? வாயத் திறக்காமயா?” என்றார் அவர். “அம்பதாவே குறைச்சிரு கண்ணு.”